கொர்கோனா கேட்டால்

மார்ச் 12, செவ்வாய்

தேடுவதை இன்று காலையோடு நிறுத்திவிட்டார்கள். ஹெலிகாப்டர் கடைசியாக ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுக் கரைப்பக்கம் போனது. கப்பல் பிரேயஸ் துறைமுகத்தைப் பார்த்துத் திரும்பிவிட்டது. விசாரணை முடியும்வரை அங்கேதான் நங்கூரம் போட்டுக் கிடக்க வேண்டுமாம்.

நடந்ததை ஒரு தடவையாவது ஒழுங்காக எழுதிவைக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை காலை, கிரீட் தீவுக்குத் தெற்கே பேய்க்காற்று. முன்பக்கத்து ஸ்டோர் கதவு கொண்டி கழன்று அடித்துக்கொண்டே இருந்தது. அதைக் கட்டக் கஸ்பாரும் ஒரு பிலிப்பைன்காரனும் போனார்கள். ஓர் அலை டெக்கின் மேல் ஏறி இறங்கியது. பிலிப்பைன்காரன் கம்பியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு கிடந்தான். கஸ்பாரைக் காணவில்லை. அவன் ஹெல்மெட்கூடக் கிடைக்கவில்லை.

இந்தக் கப்பலில் தமிழ் பேச நாங்கள் இரண்டு பேர்தான். அவன் டெக்கில், நான் அடுப்படியில். அவன் மணப்பாட்டுக்காரன், கடலிலேயே பிறந்து வளர்ந்தவன். நான் சங்கரன்கோவில், இருபது வயதுவரை கடலைப் படத்தில்தான் பார்த்திருக்கிறேன். அதைச் சொல்லிச் சொல்லியே என்னைக் கிண்டல் பண்ணுவான். இனி நான் யாரோடு பேசுவது, குக்கரோடா?

கேப்டன் எல்லோரையும் மெஸ்ஸில் கூட்டினார். கஸ்பார் வீட்டுக்குக் கம்பெனி ஆபீஸ் முறைப்படி ஆள் அனுப்பிச் சொல்லும், அதுவரை யாரும் போனில் மூச்சு விடக்கூடாது என்றார். சரிதான். எல்லாக் கப்பலிலும் உள்ள வழக்கம்தான் இது.

ராத்திரிச் சாப்பாட்டுக்குத் தட்டு ஒன்று கூடுதலாகப் போட்டுவிட்டேன். பழக்கதோஷம். மூடி ஃபிரிட்ஜில் வைத்தேன், கொட்ட மனசில்லை.

மார்ச் 13, புதன்

நங்கூரம் போட்டாயிற்று. கரை பக்கத்தில் இருப்பதால் போனுக்கு சிக்னல் வருகிறது. வராமலே இருந்திருக்கலாம்.

கஸ்பாரின் தங்கச்சி பெர்னத் வாய்ஸ் மெசேஜ் அனுப்பியிருக்கிறாள். அண்ணனுக்குப் போட்டால் பதில் வர ஒரு வாரம் ஆகும், சமையல்காரனுக்குப் போட்டால் அன்றைக்கே வரும் என்று கண்டுபிடித்து வெகுநாளாயிற்று அந்தப் பெண். அவனைப் பற்றிய விசாரிப்பெல்லாம் என் வழியாகத்தான்.

"கோமதி அண்ணே, அவன் போன் ஆஃப்னே வருது. நல்லாருக்கானா? அம்மாவுக்கு ஆபரேஷன் முடிஞ்சு வார்டுக்கு மாத்திட்டாங்க. கண்ணு முழிச்சதும் அவன் சாப்பிட்டானான்னுதான் கேட்டா. ஒரு வார்த்தை சொல்லுங்க, அம்மா காதுல போட்டுக் காமிக்கேன்."

அம்மாவுக்கு நெஞ்சில் ஆபரேஷன். தூத்துக்குடியில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில். அதற்காகத்தான் கஸ்பார் இந்த கான்ட்ராக்டையே நீட்டிக்கொண்டு வந்தான்.

நான் அனுப்பிய பதில்: "நல்லாருக்கான் தாயி. டூட்டில நிக்கான். போன் தண்ணியில விழுந்துட்டு, அதான் வேல செய்யல. மத்தியானம் சாம்பாரும் உருளைக்கிழங்கும் வச்சேன், ரெண்டு தடவ வாங்கித் தின்னான். அம்மாவ ஒண்ணும் யோசிக்காம தூங்கச் சொல்லு."

போன் தண்ணீரில் விழுந்தது மட்டும் உண்மை. அது அவன் சட்டைப் பையில்தான் இருந்தது.

கேப்டன் உத்தரவு. வேறென்ன செய்ய.

மார்ச் 14, வியாழன்

கப்பலில் உள்ள கிரேக்க அதிகாரிகளுக்கு நோன்பு ஆரம்பித்துவிட்டது. கறி கூடாது, முட்டை கூடாது, பால் கூடாது, ரத்தம் உள்ள மீனும் கூடாது. கணவாய்க்கு ரத்தம் இல்லையாம், அதனால் அது கூடுமாம். பிலிப்பைன்காரர்களுக்குக் கறி இல்லாமல் முகம் கோணிவிடும். எனக்கு இருப்பது இரண்டு கை. மனுஷன் எத்தனை அடுப்பில் நிற்பது?

பத்து மணிக்கு செகண்ட் இன்ஜினியர் ஸ்தமாதிஸ் எலுமிச்சம்பழம் கேட்டு வந்தார். எப்போதும் வாங்கியதும் போய்விடுகிற ஆள், இன்று அரிசி மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டார். அவருடைய ஆங்கிலத்தையும் என்னுடையதையும் சேர்த்தால் ஒரு முழு ஆங்கிலம் தேறும். அப்படித்தான் பேசிக்கொள்வோம்.

அவர் கையில் ஒரு படம் பச்சை குத்தியிருக்கிறது. இடுப்புக்குமேல் பெண், கீழே இரட்டை மீன்வால், ஒரு கையில் கப்பல், இன்னொரு கையில் நங்கூரம். கடற்கன்னிதானே, ஆம்பிளைகள் குத்திக்கொள்வது என்று நினைத்திருந்தேன். இன்று கேட்டேன்.

பெயர் கொர்கோனாவாம். அலெக்சாண்டர் மகாராஜாவின் தங்கை. ராஜா உலகமெல்லாம் ஜெயித்து, சாகா வரம் தரும் தண்ணீரைக் குடுவையில் கொண்டுவந்து வீட்டில் வைத்தான். தங்கைக்கு அது என்னவென்று தெரியாது. எடுத்துத் தலையில் ஊற்றிக்கொண்டாள். அவளுக்குச் சாவில்லாமல் ஆகிவிட்டது, அண்ணன் செத்துப்போனான். அவள் துக்கம் தாளாமல் கடலில் விழுந்தாள், கடலும் அவளைக் கொல்லவில்லை. பாதி மீனாகி இன்னும் இங்கேதான் சுற்றிக்கொண்டிருக்கிறாளாம்.

கப்பலைக் கண்டால் முன்பக்கத்தைக் கையால் பிடித்து நிறுத்துவாள். ஒரே ஒரு கேள்வி கேட்பாள். அலெக்சாண்டர் ராஜா உயிரோடு இருக்கிறானா?

"செத்துட்டான்னு சொன்னா?" என்று கேட்டேன்.

"அவள் அழுவாள். அவள் அழுதால் புயல். கப்பல் அடியில் போய்விடும்" என்றார் ஸ்தமாதிஸ். "அதனால் மாலுமி ஒரே பதில்தான் சொல்ல வேண்டும். ஸீ கே வஸிலேவி. உயிரோடு இருக்கிறான், ஆட்சி செய்கிறான். அவள் சந்தோஷமாகப் போய்விடுவாள். கடல் அடங்கிவிடும்."

அவர் தாத்தாவும் அப்பாவும் கப்பலில் போகும்முன் அந்த வாக்கியத்தை மூன்று தடவை சொல்லிப் பழகுவார்களாம். நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. எலுமிச்சம்பழத்தை எடுக்க மறந்து போய்விட்டார்.

மார்ச் 15, வெள்ளி

துறைமுகத்து ஆட்கள் வந்து ஒவ்வொருவராகக் கூப்பிட்டு விசாரித்தார்கள். என்னிடம் அவன் குடிப்பானா, மனக்கவலை உண்டா என்று கேட்டார்கள். எரிச்சலாக வந்தது. கதவு கட்டப் போனவனிடம் மனக்கவலையைத் தேடுகிறான்கள்.

மீன் கொஞ்சம் மிச்சம் கிடந்தது, குழம்பு வைத்தேன். ஒருத்தர் சாப்பிடும் அளவுதான். பிலிப்பைன்காரர்களுக்குப் பன்றிக்கறி, அதிகாரிகளுக்குக் கணவாய்.

பெர்னத் கேட்டாள். "மீன்குழம்பும் சோறும், தாயி" என்று சொன்னேன். "அம்மாவுக்கு சந்தோஷம் அண்ணே" என்றாள்.

மார்ச் 17, ஞாயிறு

ஒரு வாரம். பிரியாணி போட்டேன். யாரும் நன்றாக இருக்கிறது என்று சொல்லவில்லை, நன்றாக இல்லை என்றும் சொல்லவில்லை.

ஒன்று கவனித்தேன். பெர்னத் தினமும் கேட்கிறாள், சாப்பிட்டானா, தூங்கினானா, குளிருதா என்று. ஒரு தடவைகூட "அவன்ட்ட போனக் குடுங்க" என்று கேட்கவில்லை. நல்லவேளை, தப்பித்தேன் என்றுதான் இருந்தேன். இப்போது அதுவே உறுத்துகிறது. குரலும் கட்டிப்போயிருக்கிறது. தூத்துக்குடி வெயிலில் சளி எப்படிப் பிடிக்கும்?

மார்ச் 18, திங்கள்

கேப்டனிடம் போய்க் கேட்டுவிட்டேன், வீட்டுக்குச் சொல்லியாயிற்றா என்று. போன வியாழக்கிழமையே சொல்லியாயிற்றாம். பங்குச் சாமியாரையும் கூட்டிக்கொண்டு நேரில் போய்த் தங்கையிடம் சொன்னார்களாம்.

வியாழக்கிழமை. அப்படியானால் வெள்ளி, சனி, ஞாயிறு? அவள் தெரிந்துகொண்டேவா கேட்டாள்? நானும் மீன்குழம்பும் சோறும் தின்றான், பிரியாணிக்கு எலும்பைக்கூட விடவில்லை என்று அளந்துகொண்டிருந்தேனே. அடுப்படிக் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தேன். வெட்கமாகவும் இருந்தது, கோபமாகவும் இருந்தது.

சாயங்காலம் நானே கூப்பிட்டேன். "தாயி, உனக்குத் தெரியுமாமே" என்றேன்.

அவள் ஆஸ்பத்திரி மாடிப்படியில் நின்று பேசினாள். மேலும் கீழும் ஆட்கள் போகிற சத்தம் கேட்டது.

"தெரியும் அண்ணே. அம்மாவுக்குத்தான் தெரியாது. டாக்டர் ஒரு மாசத்துக்கு மூச்சு விடாதீங்கன்னுட்டார். இந்த நிலைமைல கேட்டா நெஞ்சு தாங்காதாம். நான் சொன்னா என் மூஞ்சியப் பாத்தே கண்டுபிடிச்சிருவா. நீங்க சொன்னா நம்புதா. உங்க குரல் வந்தாத்தான் ராத்திரி மாத்திரைய முழுங்குதா."

"எத்தன நாளைக்குத் தாயி?"

"வீட்டுக்குக் கூட்டிப்போறவரைக்கும். உங்களக் கையெடுத்துக் கும்பிடுதேன் அண்ணே. என்கிட்ட இருக்கது இப்ப அவ ஒருத்திதான்."

சரி என்றேன். பின்னே என்ன சொல்வது? ஸீ கே வஸிலேவி.

மார்ச் 19, செவ்வாய்

அவியலும் ரசமும். நன்றாகச் சாப்பிட்டான்.

மார்ச் 20, புதன்

கொண்டைக்கடலைக் குழம்பு. நன்றாகச் சாப்பிட்டான். குளிருக்கு ரெண்டு கம்பளி வாங்கிக் கொடுத்திருக்கிறேன்.

இப்போதெல்லாம் நாக்கு தடுக்குவதே இல்லை. கடைக்காரன் விலை சொல்கிற மாதிரி சொல்லிவிட்டு வெங்காயம் உரிக்கப் போய்விடுகிறேன்.

மார்ச் 21, வியாழன்

புது ஆள் வந்துவிட்டான், கஸ்பாருக்குப் பதில். ஒடிசாக்காரன். பாவம், நல்ல பையனாகத்தான் தெரிகிறான், ஆனால் கஸ்பார் உட்காரும் நாற்காலியில் போய் உட்கார்ந்தான். எழுந்திரு என்று கத்திவிட்டேன். அவன் பயந்து தட்டோடு எழுந்து நின்றான். பிறகு நானே கூப்பிட்டு அதிலேயே உட்காரச் சொன்னேன்.

ஸ்தமாதிஸ் பார்த்துக்கொண்டிருந்தார். பாத்திரம் கழுவும்போது வந்து நின்றார். அவரிடம் விஷயத்தைச் சொன்னேன். தினமும் ஒரு தாய்க்கு உங்கள் மாலுமிப் பதிலைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன் என்றேன்.

"நல்லது" என்றார். "கடல் அடங்குகிறதா?"

"அடங்குது. மறுநாள் திரும்பக் கேக்குது."

அவர் தலையை ஆட்டினார். "ஆமாம். அவளும் அடுத்த கப்பலில் கேட்பாள். ரெண்டாயிரம் வருஷமாகக் கேட்கிறாள்."

"ஒருத்தன்கூட உண்மையச் சொல்லலையா?"

"சொல்லியிருப்பார்கள். அவர்கள் கப்பல் வீடு திரும்பியிருக்காது, கதை நமக்கு வரவில்லை" என்று சொல்லிவிட்டு என் கையிலிருந்த சட்டியை வாங்கித் துடைத்தார். அவர் இதற்குமுன் ஒரு கரண்டியைக்கூடத் துடைத்தவரில்லை.

மார்ச் 22, வெள்ளி

விசாரணைத் தாள்களில் கையெழுத்து. சரக்கு ஏற்றுவது பற்றிப் பேச்சு. திங்கள் கிளம்பலாம் என்கிறார்கள்.

புது ஆள் கோழி நன்றாகச் சாப்பிடுகிறான், பார்க்க நிறைவாக இருந்தது. ஃபிரிட்ஜில் தினமும் அவனுக்கென்று மூடிவைத்த தட்டுகள் எல்லாம் நாறிக்கிடந்தன. எடுத்துக் கொட்டிக் கழுவினேன்.

பெர்னத்துக்கு அனுப்பினேன்: "இன்னிக்குக் கோழிக்கறி. மிளகு தூக்கலாப் போட்டேன். மூணு துண்டு வாங்கித் தின்னுட்டுத் தூங்கப் போயிட்டான்."

அவளிடமிருந்து வழக்கமாக வரும் "அம்மாவுக்கு சந்தோஷம்" இன்று வரவில்லை. சிக்னல் கோளாறாக இருக்கும்.

மார்ச் 23, சனி

இன்றைக்கு நடந்ததையும் எழுதிவிடுகிறேன். எழுத்து கோணினால் கோணட்டும்.

காலை பதினொரு மணி இருக்கும். சோற்றுக்கு உலை வைத்து அரிசியைப் போட்டிருந்தேன். பெர்னத் நம்பரிலிருந்து கூப்பிட்டது. "சொல்லு தாயி" என்றேன்.

"நான் பெர்னத் இல்லய்யா. அவ அம்மா."

மெலிந்த குரல். ஒவ்வொரு வார்த்தைக்கும் நடுவில் மூச்சு வாங்கியது.

"அவ மருந்து வாங்கக் கீழ போயிருக்கா. அவ வாரதுக்குள்ள உங்கிட்ட ஒண்ணு கேக்கணும்யா. நேத்து கோழி தின்னான்னு சொன்னியே."

"ஆமாம்மா."

"நேத்து தவக்காலத்து வெள்ளி. சின்ன வயசுல இருந்து எம்மவன் இந்த வெள்ளியில கறி தொட்டதில்ல. மீனு மட்டுந்தான் திம்பான். அது உனக்குத் தெரியாமலா இருக்கும்? நீதான வருசா வருசம் அவனுக்குத் தனியாப் பொங்கிப் போடுவ. போன வெள்ளி மீன்கொழம்புன்னுதான சொன்ன."

எனக்குத் தெரியும். தெரியாமல் என்ன? இந்தக் கப்பலில் வேறு யாருக்கும் தெரியாது, எனக்கு மட்டும்தான் தெரியும். போன வெள்ளி மீன் மிச்சம் இருந்ததால் வைத்தேன் என்று இங்கே எழுதியிருக்கிறேன். மிச்சமாவது ஒன்றாவது. அவனுக்காகத்தான் வைத்தேன். நேற்று எனக்கு அந்த நினைப்பே வரவில்லை. அடுப்பில் என்ன இருந்ததோ அதை வாசித்துவிட்டேன்.

அவளே பேசினாள்.

"யய்யா கோமதி. எம்மவன் உசுரோட இருக்கானா?"

இத்தனை நாளும் சாப்பிட்டானா, தூங்கினானா என்றுதான் கேள்வி வந்தது. இது இன்றைக்குத்தான் வந்தது. டாக்டர் சொன்னது நினைவுக்கு வந்தது, நெஞ்சு தாங்காது. பெர்னத் மாடிப்படியில் நின்று கும்பிட்டது நினைவுக்கு வந்தது. இருக்கான்மா என்ற பதில் நுனிநாக்கில் தயாராக நின்றது. தவறிப்போய்ச் சொல்லிட்டேன்மா, மீன்தான் தின்னான் என்று ஒரு வரி சொன்னால் போதும், அவள் நம்பினாலும் நம்பிவிடுவாள். அந்த நிமிஷம் நான் பயந்தது அவள் நெஞ்சுக்கு மட்டும் இல்லை. அவள் அழுவதை நான் கேட்க வேண்டுமே என்று எனக்காகவும் பயந்தேன்.

"இல்லம்மா" என்றேன். "போயிட்டான்மா. பத்தாம் தேதி காலைல."

அந்தப் பக்கம் சத்தமே இல்லை. கொன்றுவிட்டேன் என்று நினைத்தேன். அம்மா, அம்மா என்று கூப்பிட்டேன்.

"இருக்கேன்யா" என்றாள். "கத்தாத. பக்கத்துக் கட்டிலுப் பிள்ள தூங்குது."

பிறகு மெதுவான குரலில் சொன்னாள்.

"எனக்கு நாலஞ்சு நாளாவே மனசுக்குப் பட்டுட்டு. இந்தப் பிள்ள பாத்ரூமுக்குள்ள குழாயத் தொறந்து வச்சுக்கிட்டு அழுதா. வெளிய வந்து சிரிக்கா. சாமியார் வந்தாரு, எம்மூஞ்சியவே பாக்கல. எல்லாரும் அவன் நல்லாருக்கான் நல்லாருக்கான்னா, நான் எப்படிய்யா அழுவேன்? உசுரோட இருக்கவனுக்காக அழுதா அவனுக்கு ஆகாதுல்லா. அப்படியே நெஞ்சுல அடச்சுக்கிட்டுக் கெடந்தேன். நேத்து நீ கோழின்னதும் முடிவு பண்ணிட்டேன், யாரையாவது நேரா கேட்டுரணும்னு."

"மன்னிச்சுருங்கம்மா."

"நீ என்ன செய்வ. நல்லதுக்குத்தான சொன்ன." பிறகு கேட்டாள், "அவனக் கண்டுபிடிச்சாங்களா?"

"இல்லம்மா. தேடுனாங்க. கெடைக்கல."

"அன்னிக்குக் காலைல சாப்பிட்டானா? இப்பமாவது உண்மையச் சொல்லு."

"சாப்பிட்டான்மா. உப்புமா. பெருங்காத்து, எண்ணெ வச்சுப் பொரிக்க முடியல, அதான் உப்புமா கிண்டுனேன். இதுக்கு நான் பட்டினி கெடப்பேன்னு என்னையத் திட்டுனான். சங்கரன்கோயில்ல இதத்தான் கல்யாணத்துக்குப் போடுவீங்களான்னு கேட்டான். திட்டிக்கிட்டே முழுத் தட்டையும் தின்னுட்டு, கைய என் துண்டுல தொடச்சுட்டுப் போனான்."

"திட்டுனானா?"

"திட்டுனான்மா."

"அவன் உப்புமான்னா என்னையும் அப்படித்தான் திட்டுவான்" என்றாள். சிரிக்கிறாள் என்றுதான் முதலில் நினைத்தேன். அப்புறம் அந்தச் சத்தம் பெரிதாகிக்கொண்டே போனது. "எய்யா கஸ்பாரு, எஞ்செல்லமே" என்று வார்டே கேட்கும்படி ஓலமிட்டாள். ஓடிவரும் காலடிச் சத்தம் கேட்டது, பெர்னத் அம்மா அம்மா என்று கத்துவது கேட்டது, பிறகு அவளும் சேர்ந்து அழுவது கேட்டது. இருவரும் ஒருவரை ஒருவர் கட்டிக்கொண்டு அழுதிருக்க வேண்டும், இரண்டு குரலும் ஒரே இடத்திலிருந்து வந்தன. போனை யாரும் எடுக்கவில்லை, யாரும் நிறுத்தவும் இல்லை.

நானும் வைக்கவில்லை. அரிசி மூட்டைமேல் உட்கார்ந்து போனைக் காதில் வைத்துக்கொண்டு நானும் அழுதேன், இத்தனை நாளில் இன்றைக்குத்தான். சோறு அடிப்பிடிக்கிற வாடை வந்தது. ஸ்தமாதிஸ் எட்டிப் பார்த்தார், ஒன்றும் கேட்காமல் உள்ளே வந்து அடுப்பை அணைத்துவிட்டுப் போனார்.

மார்ச் 24, ஞாயிறு

பெர்னத் எழுதியிருக்கிறாள். டாக்டர் அவளை வாங்கு வாங்கென்று வாங்கினாராம். அம்மாவுக்கு ராத்திரி முழுக்க மெஷின் மாட்டி வைத்திருந்தார்களாம். விடியற்காலையில் தூங்கினாளாம். எழுந்து பாதி டம்ளர் கஞ்சி குடித்துவிட்டு, அவனுக்குப் பூசை வைக்க நாள் பார்க்கச் சொன்னாளாம்.

என்மேல் கோபமா என்று கேட்டேன். "தெரியல அண்ணே" என்று பதில் வந்தது. அதுவும் நியாயம்தான்.

நாளை கப்பல் கிளம்புகிறது. இன்று மெஸ்ஸில் எல்லோருக்கும் உப்புமா போட்டேன். ஒருத்தன் விடாமல் திட்டினார்கள்.